விரல் பழகினால் போதுமா?

2017 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. வீட்டுக்கு ஒருவர் வீதம் 6 கோடி கிராமக் குடும்பங்களை எட்டுவது இலக்கு. 2024 மார்ச்சில் திட்டம் முடிந்தபோது 6.39 கோடிப் பேர் பயிற்சி பெற்றிருந்தார்கள். பாடத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரம் 20 மணி. கணினியையோ செல்பேசியையோ இயக்குவது, மின்னஞ்சல் அனுப்புவது, இணையத்தில் தேடுவது, அரசு சேவைகளைப் பெறுவது, பணம் அனுப்புவது ஆகியவற்றைக் கற்றவர் டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றவராகக் கணக்கில் சேர்ந்தார். ஓய்வூதியத்துக்கும் ரேஷன் அட்டைத் திருத்தத்துக்கும் இடைத்தரகரிடம் காசு கொடுத்துக் காத்திருந்தவர், அந்த வேலையைத் தானே முடித்துக்கொள்வது பெரிய விடுதலை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால், கருவியை இயக்கத் தெரிந்தால் எழுத்தறிவு வந்துவிட்டது என்ற எண்ணம் கல்வி ஆய்வில் மிகப் பழையது. 40 ஆண்டுகளில் ஆய்வாளர்கள் அதைப் பலமுறை சோதித்து, போதாது என்று கண்டு, கடந்து வந்திருக்கிறார்கள். அரசுகளின் கணக்கேடுகளும் பள்ளிகளின் கணினி அறைகளும்தான் இன்னும் அங்கேயே நிற்கின்றன.

இந்த இடைவெளி ஆய்விதழ்களுக்குள் மட்டும் இருக்கும் சங்கதியல்ல. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி ஒருவரை, குழந்தை கடத்த வந்தவர் என்று நம்பிய கூட்டம் அடித்தே கொன்றது. அப்போது குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக்கொண்டிருந்தது. நாடெங்கும் அவ்வாறு சுற்றிய காணொளிகளுள் ஒன்றில், இருசக்கர வாகனத்தில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்கிறார்கள். உண்மையில் அது கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் குழந்தைகள் பாதுகாப்புக்காகத் தயாரித்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள். அதைப் பார்த்தவர்களுக்கும் பகிர்ந்தவர்களுக்கும் செல்பேசியை இயக்குவதில் எந்தக் குறையும் இல்லை. தரவிறக்கினார்கள், குழுக்களுக்கு அனுப்பினார்கள், குரல்பதிவும் சேர்த்தார்கள். 20 மணி நேரப் பாடத்தின் தேர்வை எழுதியிருந்தால் அவர்களில் பெரும்பாலோர் தேறியிருப்பார்கள்.

எழுத்தறிவின் இலக்கணம் ஏன் மாறிக்கொண்டே வந்தது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. ஒவ்வொரு காலத்திலும் எது கிடைத்தற்கரியதோ, அதைக் கையாளும் திறமையையே அந்தக் காலம் எழுத்தறிவு என்று கொண்டாடியது. 1980களின் தொடக்கத்தில் அரிதாக இருந்தது கணினியே. 1981இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த கணினிக் கல்வி மாநாட்டில் சோவியத் கணினி அறிவியலாளர் ஆந்திரேய் எர்ஷோவ், நிரல் எழுதுவது மனிதகுலத்தின் இரண்டாவது எழுத்தறிவு என்று வாதிட்டார். 1985இல் சோவியத் பள்ளிகளில் கணினியியல் கட்டாயப் பாடமானது. பல பள்ளிகளில் கணினி இல்லாததால் மாணவர்கள் தாளில் நிரல் எழுதிப் பழகினார்கள். பிரிட்டனில் பிபிசி 1982இல் கணினி எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்காக ஏகார்ன் நிறுவனம் தயாரித்த பிபிசி மைக்ரோ கணினி பள்ளிகளை நிறைத்தது. இந்தியாவில் 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டமும் அதே கணினியைத்தான் நம் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. அந்த நோக்கில் ஒரு பெருந்தன்மை இருந்தது. கணினியை வாங்குபவராக மட்டும் இல்லாமல் அதற்கு வேலை சொல்லிக்கொடுப்பவராகக் குழந்தை வளர வேண்டும் என்று கணினிக் கல்வி முன்னோடி சீமோர் பேப்பர்ட் போன்றவர்கள் கனவு கண்டார்கள். நடைமுறையில் அந்தக் கனவு சுருங்கி, பொத்தான்களின் பெயரையும் உதிரிப்பாகங்களின் பெயரையும் மனப்பாடம் செய்யும் பாடமாக முடிந்தது.

அடுத்து அரிதானது தகவல். 1974லேயே அமெரிக்கத் தகவல் தொழில் சங்கத்தின் தலைவர் பால் ஜுர்கோவ்ஸ்கி, தகவலைத் தேடிப் பயன்படுத்தும் பயிற்சியைத் தேசிய இலக்காகக் கொள்ள வேண்டும் என்று அரசின் நூலக ஆணையத்துக்கு எழுதியிருந்தார். நூலகர்கள் அந்தக் கருத்தை வளர்த்தெடுத்தார்கள். 1997இல் பால் கில்ஸ்டர் 'டிஜிட்டல் லிட்டரசி' என்ற நூலை வெளியிட்டபோது, இணையத்தை மேய்ந்தவர்கள் உலக மக்கள்தொகையில் சிறு துளி. ஆயினும் அவர் சரியான இடத்தைத் தொட்டார். கருத்துகளைக் கையாளத் தெரிவதே முக்கியம், விசைகளைத் தட்டத் தெரிவது இரண்டாம்பட்சம் என்றார். திரையில் வருவதை எடைபோடும் ஆற்றலை அவர் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தார். இந்தத் துறையின் முதல் நூல்களில் ஒன்றிலேயே விடை இருந்தது. அதை எப்படிக் கற்பிப்பது, எப்படி அளப்பது என்று கண்டறியவே அடுத்த 20 ஆண்டுகள் தேவைப்பட்டன.

நடுவில் இரண்டு திசைதிருப்பல்கள் நேர்ந்தன. முதலாவது, கருவியைக் கொடுத்தால் அறிவு தானே வரும் என்ற நம்பிக்கை. பெரு நாட்டில் 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தை 319 கிராமப் பள்ளிகளில் ஆராய்ந்த 2012 அறிக்கை, கணினிகளின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியும் கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ முன்னேற்றம் இல்லை என்று காட்டியது. அதற்குப் பத்தாண்டு முன்பே எஸ்தர் ஹர்கிட்டாய் நியூஜெர்சியின் மெர்சர் கவுண்டியில் இணையம் பயன்படுத்தும் 54 பேரை உட்காரவைத்து, வரிப்படிவம் தேடுவது போன்ற எளிய வேலைகளைக் கொடுத்துப் பார்த்திருந்தார். எல்லோரிடமும் இணைப்பு இருந்தது. சிலர் நொடிகளில் முடித்தார்கள். சிலர் முடிக்கவே இல்லை. இணைப்பு உள்ளவர், இல்லாதவர் என்ற பிளவுக்குப் பின்னால் திறமையின் பிளவு ஒன்று மறைந்திருப்பதை 2002இல் அவர் எடுத்துக்காட்டினார்.

இரண்டாவது திசைதிருப்பல் இன்னும் வலுவானது. 2001இல் மார்க் பிரென்ஸ்கி, கணினியோடு வளரும் பிள்ளைகளை டிஜிட்டல் மண்ணின் மைந்தர்கள் என்றும் பெரியவர்களை வந்தேறிகள் என்றும் பிரித்தார். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அது உடனே பிடித்துப்போனது. கண்ணெதிரே பிள்ளைகளின் விரல்கள் திரையில் பறப்பதைப் பார்க்கிறோம், இவர்களுக்கு நாம் எதைச் சொல்லிக்கொடுப்பது என்ற தயக்கம் எல்லோருக்கும் வந்தது. 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சூ பென்னட், கார்ல் மேட்டன், லிசா கெர்வின் மூவரும் சான்றுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அப்படி ஒரே சீரான திறமையுள்ள தலைமுறை எதுவும் கண்ணில் படவில்லை. எட்டாம் வகுப்பு மாணவர்களைப் பல நாடுகளில் சோதிக்கும் 'ஐசில்ஸ்' என்ற பன்னாட்டு ஆய்வு 2018இல் கண்டது, உச்ச நிலையை எட்டியவர்கள் சுமார் 2 விழுக்காடு. 2023 சுற்றில் ஐரோப்பிய ஒன்றியத்து மாணவர்களில் 43 விழுக்காட்டினர் அடிப்படை நிலையைக்கூடத் தொடவில்லை. பிறந்ததிலிருந்து பேசிய மொழியென்றாலும் அதில் கட்டுரை எழுதப் பள்ளிக்கூடம் தேவைப்படுகிறது. இணையத்துக்கு மட்டும் அது தேவைப்படாது என்று ஏன் நினைத்தோம்?

இங்கே காகிதத்து எழுத்தறிவைப் பற்றிய ஓர் ஆய்வு நிறைய வெளிச்சம் தருகிறது. எழுதப்படிக்கத் தெரிந்தால் சிந்தனையே மாறிவிடும் என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் நம்பினார்கள். சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் லைபீரியாவின் ‘வாய்’ என்னும் இன மக்களிடம் அதைச் சோதித்தார்கள். அம்மக்களில் சிலர் தம் சொந்த எழுத்தை வீட்டிலேயே கற்றுக் கடிதம் எழுதினார்கள். சிலர் குர்ஆனுக்காக அரபி எழுத்தைக் கற்றார்கள். சிலர் பள்ளியில் ஆங்கிலம் படித்தார்கள். எழுத்தும் பள்ளியும் தனித்தனியே கிடைக்கும் அரிய இடம் அது. 1981இல் வெளிவந்த முடிவு பலரையும் வியக்க வைத்தது. எழுத்து தெரிந்ததால் மட்டும் பொதுவான சிந்தனையாற்றல் உயரவில்லை. எதற்காக எழுத்தைப் பயன்படுத்தினார்களோ அந்தத் திறமை மட்டும் வளர்ந்தது. கடிதம் எழுதிப் பழகியவர்கள், எதிரில் இல்லாத ஒருவருக்கு ஒன்றை விளக்கிச் சொல்வதில் சிறந்தார்கள். மனப்பாடம் செய்து பழகியவர்கள் வரிசையாக நினைவுகூர்வதில் சிறந்தார்கள். திறமை பயன்பாட்டைப் பின்தொடர்கிறது, கருவியை அல்ல. இதை ஏற்றுக்கொண்டால், பணம் அனுப்பக் கற்றவருக்குப் பணம் அனுப்பவும், காணொளி பகிரக் கற்றவருக்குக் காணொளி பகிரவும் வரும். காணொளியின் மூலத்தைத் தேடும் பழக்கம் அதற்குள்ளிருந்து தானாக முளைக்காது.

2000க்குப் பிறகு ஆய்வாளர்கள் வரையறையை விரித்துக்கொண்டே போனார்கள். இஸ்ரேலின் யோராம் எஷட்-அல்கலாய் 2004இல் படங்களை வாசிப்பது முதல் உணர்வுகளைக் கையாள்வது வரை பல திறன்களை அதற்குள் சேர்த்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் வெளியிட்ட சட்டகம் ஐந்து துறைகள், 21 தகுதிகள் என்று நீண்டது. இத்தகைய பட்டியல்கள் அமைச்சகங்களுக்குப் பயன்படலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கும்போது, எது இல்லாவிட்டால் மற்றவை பயனற்றுப் போகுமோ அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இன்று அரிதாக இருப்பது எது என்ற கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். கருவி அரிதல்ல, தகவலும் அரிதல்ல. தகவல் பெருகும் இடத்தில் கவனம் வறண்டுபோகும் என்று பொருளியலறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971லேயே எச்சரித்தார். கவனத்தோடு சேர்ந்து அரிதானது நம்பத்தக்க சொல்.

நம்பத்தக்கது எது என்று கண்டறியப் பள்ளிகள் முதலில் கொடுத்தது ஒரு சரிபார்ப்புப் பட்டியல். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகர்கள் 2004இல் உருவாக்கிய பட்டியல் புகழ்பெற்றது. பக்கம் அண்மையில் எழுதப்பட்டதா, தேவைக்குப் பொருந்துகிறதா, எழுதியவர் யார், பிழையில்லாமல் இருக்கிறதா, நோக்கம் என்ன என்று மாணவர் அந்தப் பக்கத்திலேயே விடை தேட வேண்டும். அச்சுப் புத்தகத்துக்குப் பின்னால் பதிப்பகமும் நூலகமும் இருந்த காலத்துக்கு அது ஓரளவு பொருந்தியது. இணையத்தில் பக்கத்தை வடிவமைப்பவருக்கும் அந்தப் பட்டியல் தெரியும். கச்சிதமான முத்திரை, அடிக்குறிப்புகள், முனைவர் பட்டங்கள், தொடர்பு முகவரி எல்லாவற்றையும் அரை நாளில் செய்துவிடலாம். பட்டியலை வைத்துத் தேடும் மாணவர், ஏமாற்றுபவர் எதைக் காட்ட விரும்பினாரோ அதையே கண்டு திருப்தியடைகிறார்.

இதைத் தெளிவாக வெளிக்கொண்டுவந்தவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும். அவர்களது குழு 2016இல் அமெரிக்காவின் 12 மாநிலங்களிலிருந்து 7,804 மாணவர் விடைகளைத் திரட்டி வெளியிட்ட அறிக்கையில், நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், விளம்பரம் என்று குறிக்கப்பட்ட கட்டுரையையே செய்தி என்று எண்ணியது தெரியவந்தது. பிறகு அவர்கள், இதை நன்றாகச் செய்பவர்கள் யார், எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்கள். 10 வரலாற்றுப் பேராசிரியர்கள், 10 தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் என 45 பேர் கலந்துகொண்டார்கள். குழந்தைகளைச் சீண்டுவது பற்றி இரண்டு மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட பக்கங்களைக் கொடுத்து, எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் நிறுவப்பட்டு, 60,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி. மற்றது, ஒருபாலினத் தம்பதியர் குழந்தைகளைத் தத்தெடுக்கலாம் என்று அகாடமி ஆதரித்ததை எதிர்த்து 2002இல் பிரிந்துபோன சிறு குழுவினர் ஏறத்தாழ அதே போன்ற பெயரில் நடத்தும் அமைப்பு. மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிறு குழுவின் பக்கத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ஆழ்ந்த வாசிப்பையே தொழிலாகக் கொண்ட வரலாற்றாசிரியர்களில் பலரும் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் அத்தனை பேரும் சரியாகச் சொன்னார்கள்.

வேறுபாடு அறிவுக்கூர்மையில் இல்லை, வழிமுறையில் இருந்தது. மாணவர்களும் பேராசிரியர்களும் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கவனமாகப் படித்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பெயரைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தைவிட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். விக்கிப்பீடியாவுக்குப் போய் அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு மேலே நகர்ந்தார்கள். வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டாரின் பேச்சை மட்டும் கேட்டு முடிவெடுக்காமல் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோமே, அதேதான். ஆய்வாளர்கள் இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். கற்பிக்கவும் முடிகிறது. நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில், உயர்நிலைப் பள்ளிகளின் குடிமையியல் பாடத்துக்குள்ளேயே 50 நிமிட வகுப்புகள் ஆறு சேர்த்தார்கள். 499 மாணவர்கள் பங்கேற்ற அந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. வகுப்பு நடந்த பிரிவினர், நடக்காத பிரிவினரைவிட இணையத் தகவலை எடைபோடுவதில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். கணினி அறையில் நடந்த வகுப்பல்ல, குடிமையியல் ஆசிரியர் நடத்திய வகுப்பு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

காரணம் இதுதான். அக்கம்பக்கம் விசாரிப்பவருக்கு யாரிடம் விசாரிக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். மருத்துவச் சங்கம் என்பது என்ன, ஆய்விதழ் எப்படி இயங்குகிறது, ஓர் அறக்கட்டளைக்கு யார் பணம் தருகிறார்கள், நீதிமன்றம் எதைச் செய்யலாம், காவல்துறை எதைச் செய்ய முடியாது என்பன போன்ற உலகியல் அறிவே டிஜிட்டல் எழுத்தறிவின் உள்ளீடு. நம் நாட்டில், காவல்துறையினர் போல் நடித்துக் காணொளி அழைப்பில் மிரட்டும் 'டிஜிட்டல் கைது' மோசடியில் கோடிகளை இழந்தவர்களைப் பாருங்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகள், மருத்துவர்கள், தொழிலதிபர்கள் என நன்கு படித்தவர்கள் அதில் உண்டு. காணொளி அழைப்பை ஏற்கவும், கேட்ட கணக்குக்குப் பணம் மாற்றவும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. செல்பேசித் திரை வழியாக ஒருவரைக் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை என்பது அந்த நொடியில் அவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது பயத்தில் மறந்துபோனது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதை நாட்டுக்குச் சொல்ல வேண்டிய நிலை வந்தது. இந்த ஏமாற்றுக்கு மருந்து சட்ட அறிவும், அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் விசாரிக்கும் பழக்கமும். செல்பேசியை இன்னும் லாகவமாக இயக்குவதால் எந்தப் பயனும் விளையாது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. சமூக ஆய்வாளர் டேனா பாய்ட் 2018இல் எழுப்பிய கேள்வி முதன்மையானது. எதையும் சந்தேகி, நீயே ஆராய்ந்து பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், அவர்கள் மருத்துவரையும் செய்தித்தாளையும் சந்தேகித்துவிட்டு, சதிக் கோட்பாடு பேசும் காணொளியில் போய் விழுவார்களே என்றார். தடுப்பூசி எதிர்ப்பாளர்களும் தாங்கள் ஆராய்ந்து பார்த்ததாகவே சொல்கிறார்கள். இது நியாயமான அச்சம். சந்தேகத்தை மட்டும் கற்பிக்கும் பாடத்துக்கு அது முழுமையாகப் பொருந்தும். சரிபார்ப்பாளர்கள் செய்வதை உற்றுப் பார்த்தால் அவர்கள் சந்தேகத்தை நீட்டிக்காமல் சீக்கிரம் முடித்துக்கொள்கிறார்கள். எதை நம்பலாம் என்று விரைவாக ஒரு முடிவுக்கு வந்து, மற்றவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். அனஸ்தாசியா கோசிரேவா, ஸ்டீபன் லெவாண்டோவ்ஸ்கி, ரால்ஃப் ஹெர்ட்விக் ஆகியோர் வைன்பர்க்குடன் சேர்ந்து, எதைப் புறக்கணிப்பது என்று தேர்ந்து புறக்கணிப்பதே இன்றைய குடிமக்களின் அடிப்படைத் திறன் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஆழ்ந்து படி என்று நூறாண்டாகச் சொல்லிவந்த பள்ளிக்கு, இதைப் படிக்காமல் விடு என்று கற்பிப்பது எளிதில் வராது.

இன்னொரு மறுப்பு தரவுகளோடு வருகிறது. கெவின் ஆஸ்லெட்டும் சக ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஐந்து பரிசோதனைகளில், பொய்ச் செய்தியைப் பற்றி இணையத்தில் தேடிப் பார்க்கச் சொல்லப்பட்டவர்கள், தேடாதவர்களைவிட 19 விழுக்காடு கூடுதலாக அதை உண்மை என்று நம்பினார்கள். தேடுவதே தீங்கு என்று இதை வாசிக்கலாம். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். அவர்களில் ஒரு பகுதியினர் செய்தியின் தலைப்பை அப்படியே தேடுபொறியில் ஒட்டியிருந்தார்கள். பொய்யைப் பரப்பும் தளங்கள்தான் அந்தச் சொற்றொடரைப் பயன்படுத்தும். ஆகவே அதே பொய் வேறு வேறு முகவரிகளிலிருந்து திரும்பி வந்தது. நல்ல தளங்கள் இன்னும் எழுதாத புதிய செய்தி என்றால் வெற்றிடத்தை மட்டமான தளங்களே நிரப்பின. தேடு என்று சொன்னால் போதாது, எந்தச் சொற்களால் தேடுவது, வந்த முடிவுகளில் எதைத் திறப்பது என்று கைப்பிடித்துக் கற்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தியாவிலிருந்து வந்த சான்றுகள் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. பேஸ்புக் வெளியிட்ட, பொய்ச் செய்தியைக் கண்டறியும் குறிப்புகளைப் படிக்கச் செய்து ஆன்ட்ரூ கெஸ் குழுவினர் நடத்திய 2020 ஆய்வில், அமெரிக்கர்களுக்கும் இணையத்தில் இயங்கும் நன்கு படித்த இந்தியர்களுக்கும் பகுத்தறியும் திறன் கூடியது. வட இந்தியக் கிராமப்புறத்தில் எந்த மாற்றமும் இல்லை. சுமித்ரா பத்ரிநாதன் 2019 தேர்தலையொட்டி பிகாரில் 1,224 பேரிடம் நடத்திய ஆய்வில், வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம் பயிற்சி தந்தும் சராசரியாகப் பலன் கிட்டவில்லை. கட்சிப் பற்றுள்ள சிலர், தம் தரப்புக்குச் சாதகமான பொய்யைக் கண்டறிவதில் முன்பைவிடப் பின்தங்கினார்கள். அந்த ஆய்வோடு நின்றிருந்தால் இதெல்லாம் நம் ஊருக்கு ஆகாது என்று கைகழுவியிருக்கலாம். அவர் நிற்கவில்லை. சக ஆய்வாளர்களோடும் மாநில அரசு அமைப்போடும் சேர்ந்து, அதே பிகாரில் 583 கிராமங்களைச் சேர்ந்த 13,500க்கும் மேற்பட்ட பதின்பருவ மாணவர்களிடம், பல வாரங்கள் நீளும் வகுப்புகளாக அதை நடத்திப் பார்த்தார். இம்முறை பலன் தெரிந்தது. நான்கு மாதம் கழித்தும் நிலைத்தது. பெற்றோர்களிடமும் ஓரளவு பரவியது. ஒரு மணி நேரத்தில் நடக்காதது, வாரக்கணக்கில், வகுப்பாக, ஆசிரியர் முன்னிலையில் நடந்தது. அரசியல் சாய்வு இறுகிப்போகாத வயதில் தொடங்கியதும் கைகொடுத்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

அடிப்படையே இல்லாதவருக்கு இதெல்லாம் எதற்கு, முதலில் செல்பேசியை இயக்கக் கற்கட்டும் என்பவர்களும் உண்டு. இயக்கக் கற்பது தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2018இல் யுனெஸ்கோ ஐரோப்பியச் சட்டகத்தை உலகத்துக்கு ஏற்றபடி திருத்தியபோது, கருவிகளை இயக்கும் திறனைப் பட்டியலின் தொடக்கத்தில், பூஜ்ஜியம் என்ற எண்ணிட்டுச் சேர்த்தது. ஏழை நாடுகளில் அதைக் கைவசம் உள்ளதாக எடுத்துக்கொள்ள முடியாது என்ற புரிதல் அது. எண்ணிடுதல் சரியாகவே அமைந்திருக்கிறது. பூஜ்ஜியத்தில் தொடங்க வேண்டும், அங்கேயே சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. பணப்பரிமாற்றம் கற்றவர் அன்றே மோசடிக்காரரின் அழைப்புக்கும் ஆளாகிறார். ஆபத்து கட்டம் கட்டமாக வருவதில்லை, பாடம் மட்டும் எப்படிக் கட்டம் கட்டமாக வரலாம்?

நிறுவனங்கள் பொய்யைப் பெருக்கி லாபம் பார்க்க, சுமையை மட்டும் தனிமனிதர் தலையில் ஏற்றுவது நியாயமா என்ற கேள்விக்கு என் பதில், நியாயமில்லை என்பதுதான். 2018இல் இத்தகைய வதந்திகளால் நடந்த கொலைகளுக்குப் பிறகு வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. எத்தனை வகுப்பு நடத்தினாலும் அந்த ஒரு மாற்றத்தின் வேகத்தை எட்ட முடியாது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு வந்ததே, மக்கள் கேள்வி கேட்டதால். தளங்கள் எப்படிச் சம்பாதிக்கின்றன என்று தெரிந்த குடிமக்களே அவற்றைக் கட்டுப்படுத்தச் சொல்லி அரசை நெருக்க முடியும். செயற்கை நுண்ணறிவு இந்தத் தேவையைக் கூட்டியிருக்கிறது. தேடுபொறி பத்து முகவரிகளைக் காட்டும், நாம் தேர்ந்தெடுப்போம். உரையாடும் கருவியோ பல மூலங்களைக் கலந்து ஒரே குரலில் விடை சொல்லும். யாரைப் பற்றி விசாரிப்பது என்பதே மறைந்துவிடுகிறது. மூலம் எது என்று கேட்டு, அந்த மூலம் உண்மையில் இருக்கிறதா என்று வெளியே போய்ப் பார்க்கும் பழக்கம் முன்பைவிட அவசியம். மாணவர்களைப் பல நாடுகளில் சோதிக்கும் பிசா தேர்வு 2029இல் ஊடகத்தையும் செயற்கை நுண்ணறிவையும் கையாளும் அறிவைச் சோதிக்கப்போகிறது.

தமிழில் கற்பவருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதை மேலைநாட்டு ஆய்வுகளில் காண முடியாது. அக்கம்பக்கம் விசாரிக்க அக்கம்பக்கம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஓர் அமைப்பின் பெயரைத் தேடினால் கலைக்களஞ்சியக் கட்டுரையும், செய்தித்தாள் புலனாய்வும், நீதிமன்ற ஆவணமும் வரும். தமிழில் ஒரு மருத்துவக் கூற்றைத் தேடினால் பெரும்பாலும் அதே கூற்றைத் திரும்பச் சொல்லும் காணொளிகளே வரிசைகட்டும். ஆஸ்லெட் குழு கண்ட வெற்றிடம் இங்கே அன்றாட நிலைமை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன, ஆங்கிலத்தில் சுமார் 70 லட்சம். யூடர்ன் போன்ற தமிழ்ச் செய்தி சரிபார்ப்புத் தளங்கள் சொற்ப ஆட்களோடு இயங்குகின்றன. நம் மருத்துவக் கல்லூரிகளும் வேளாண் பல்கலைக்கழகமும் சட்டத்துறையும் தமக்குத் தெரிந்ததைத் தேடினால் கிடைக்கும்படி, அச்சுப் பிரதியின் நகலாக அல்லாமல் தேடக்கூடிய எழுத்தாக, நல்ல தமிழில் இணையத்தில் ஏற்றுவது பாடத்திட்டம் வகுப்பதற்கு இணையான பணி. ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் ஆசிரியர் தம் மாணவர்களிடம் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெளியே போய் விசாரியுங்கள் என்று சொல்லும் நாளில், அவர்கள் போய்ச் சேர அங்கே நாலு நல்ல தமிழ்ப் பக்கங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும்.